படத்தில் சரி, போர்டில் பிழை: கீகாட் குறியீடுகளின் கால் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கீகாட் என்ற மின்சுற்று வரையும் மென்பொருளில் குறியீடுகளின் பெட்டியும் முக்கோணமும் நம் கண்ணுக்காக வரையப்படுகிறவை. மென்பொருள் அவற்றைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது ஒவ்வொரு காலுக்கும் எழுதப்பட்டிருக்கும் நான்கு விஷயங்களை: இலக்கம், பெயர், மின்வகை, வயர் வந்து சேரும் முனையின் ஆள்கூறு. இந்த நான்கில் ஒன்று பிழைத்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போர்ட் வேலை செய்யாது. ஆகவே, படமும் கோப்பும் வேறு வேறு கதை சொன்னால் கோப்பைத்தான் நம்ப வேண்டும்.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போர்ட் செய்கிற இளைஞர்கள் பலர் கோப்பைச் சீனாவுக்கு அனுப்பிவிட்டுப் பார்சல் வரும்வரை காத்திருக்கிறார்கள். கால் இலக்கம் ஒன்று பிழை என்று பார்சலைப் பிரித்த பிறகு தெரிந்தால், காசும் போய்க் காத்திருப்பும் மறுபடி தொடங்கும். கோளாறு கணினியிலேயே பிடிபட வேண்டும் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். படுவான்கரைப் பக்கம் யானை வேலியில் கரண்ட் விழுந்துவிட்டால் சைரன் அடிக்கிற சின்னப் போர்ட். 12 வோல்ட் பற்றரி, பியூஸ், தலைகீழாக மாட்டினால் காப்பாற்றும் டயோட், 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் 7805, அதன் பின்னால் 3.3 வோல்டுக்கு ஏஎம்எஸ்1117, ஒப்பிட்டுப் பார்க்க எல்எம்393, ரிலேயை இழுக்க பிசி547 டிரான்சிஸ்டர். கீழே வரும் கோளாறு எல்லாம் இந்த ஒரு போர்டிலேயே வரக்கூடியவை.

தொடங்குவதற்கு முன் கோப்பின் அமைப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கீகாட்டின் குறியீட்டுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். 6ஆம் பதிப்பிலிருந்து எல்லாமே அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக இருக்கும். ஒரு காலின் பதிவு 'பின்' என்ற சொல்லோடு தொடங்கும். அடுத்த சொல் மின்வகை: இன்புட், அவுட்புட், பாசிவ், பவர் இன், பவர் அவுட், ஓபன் கலெக்டர் என்று ஒன்று. அதற்கு அடுத்தது வரைபாணி: சாதாரணக் கோடா, தலையில் வட்டம் போட்டதா, கடிகார அடையாளம் உள்ளதா. பிறகு 'அட்' என்ற சொல்லோடு மூன்று எண்கள், 'லெங்த்' என்ற சொல்லோடு நீளம், கடைசியில் மேற்கோள் குறிக்குள் பெயரும் இலக்கமும். கோப்பில் இவை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், உச்சரிப்பை வைத்து நான் எழுதுவதைக் கண்டு அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுகள் மில்லிமீற்றரில் இருக்கும். கை வைப்பதற்கு முன் கோப்பில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கீகாட்டில் அந்த லைப்ரரி (குறியீடுகளின் தொகுப்பு) திறந்திருக்கும்போது வெளியே திருத்த வேண்டாம். மென்பொருள் சேமிக்கும்போது உங்கள் திருத்தத்தின் மேலேயே எழுதிவிடும்.

வயர் காலைத் தொடுகிறது, ஆனால் இணையவில்லை

"அண்ணா, பச்சைக் கோடு காலத் தொட்டுத்தான் நிக்குது, மறுகா ஏன் இணையல்ல?" என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. முதலில் காலின் நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இணையாத காலின் நுனியில் ஒரு சிறு வட்டம் இருக்கும், இணைந்ததும் அது மறைந்துவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் வயரின் நுனியில் சிறு சதுரம் தெரியும். வட்டமும் சதுரமும் மயிரிழை தள்ளி நின்றால் கால் கிரிட்டில், அதாவது சம இடைவெளிக் கட்டப் புள்ளிகளில், இல்லை என்று அர்த்தம்.

கீகாட்டில் வரைபடத்தின் வழக்கமான கிரிட் 50 மில், அதாவது 1.27 மில்லிமீற்றர். கால்களின் முனைகள் 100 மில், அதாவது 2.54 மில்லிமீற்றர் கிரிட்டில் இருக்க வேண்டும் என்பதே கீகாட் லைப்ரரிக்காரர்களின் விதி. கோப்பைத் திறந்து 'அட்' வரியைப் பாருங்கள். 2.54, 5.08, 7.62, 10.16 என்று போனால் நல்லது. 5, 7.5, 10 என்று முழு, அரை எண்கள் கிடந்தால், வரைந்தவர் மில்லிமீற்றர் கிரிட்டில் வரைந்திருக்கிறார். எழுத்தை நுணுக்கமாக நகர்த்துவதற்காகக் கிரிட்டைச் சிறிதாக்கிவிட்டு, பழையபடி மாற்றாமல் கால்களை வைத்துக்கொண்டு போனாலும் இதுதான் நடக்கும்.

திருத்துவதற்குக் குறியீட்டுத் தொகுப்பியில் கிரிட்டை 50 மில்லுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கால்களின் அட்டவணையைத் திறவுங்கள். எல்லாக் கால்களும் அங்கே வரிசையாக இருக்கும். எக்ஸ், வை நிரல்களில் எண்ணை நேரே மாற்றலாம். ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருப்பதைவிட இது பிழைக்கு இடம் குறைந்த வழி. மாறாக, வரைபடத்தின் கிரிட்டைச் சிறிதாக்கி வயரை எப்படியாவது கொண்டுபோய் ஒட்ட வேண்டாம். அந்த ஒரு இணைப்பு சரியாகும், அதன் பிறகு நீங்கள் இழுக்கிற வயரெல்லாம் கிரிட்டை விட்டு விலகத் தொடங்கும்.

முனை கிரிட்டில்தான் இருக்கிறது, இருந்தும் இணையவில்லை என்றால் கால் திரும்பி நிற்கிறது. வட்டம் பெட்டிக்கு வெளியே தெரிய வேண்டும். உள்ளே தெரிந்தால் கால் தலைகீழ். 'அட்' வரியின் முதல் இரண்டு எண்களும் வெளிமுனையின் இடம். மூன்றாவது எண், அந்த முனையிலிருந்து உடலை நோக்கிக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்ற கோணம். இடப்பக்கக் காலுக்கு 0, வலப்பக்கத்துக்கு 180, மேலே நிற்கும் காலுக்கு 270, கீழே நிற்பதற்கு 90. இடப்பக்கக் கால் என்பதால் இடதுபுறம் காட்டும் 180 என்று போடத்தான் மனம் சொல்லும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

பைதன் எழுதிக் குறியீடு உண்டாக்குகிறவர்களுக்கு இன்னொன்று: குறியீட்டுக் கோப்பில் வை மேல்நோக்கிக் கூடும், வரைபடக் கோப்பில் கீழ்நோக்கிக் கூடும். கணக்கை ஒன்றிலிருந்து மற்றதற்கு அப்படியே எடுத்தால் எல்லாம் தலைகீழாக விழும்.

பவர் உள்ளே வரும் காலுக்கு எந்தப் பவர் காலும் கொடுக்கவில்லை என்று ஈஆர்சி சொல்கிறது

பற்றரி மாட்டும் கனெக்டர் கண்ணெதிரே இருக்கிறது, 7805இன் கால் வரை வயரும் போகிறது. பிறகும் ஈஆர்சி, அதாவது வரைபடத்தின் மின் இணைப்புகளைச் சோதிக்கும் வசதி, இந்தச் சிவப்பு அம்பைப் போடுகிறது. இதைப் பார்த்து எரிச்சல்பட்டு, காலின் வகையைப் பாசிவ் என்று மாற்றி அம்பை ஒழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அம்பு இன்னொரு நாள் உண்மையிலேயே கரண்ட் கொடுக்க மறந்த ஐசியைக் காட்டித்தரும் அம்பு.

காரணம் எளிது. பவர் இன் என்று குறிக்கப்பட்ட கால் இருக்கும் நெட்டில் (வயரால் ஒன்றாக இணைந்த கால்களின் கூட்டத்தில்), பவர் அவுட் என்று குறிக்கப்பட்ட கால் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. கனெக்டரின் கால்கள் பாசிவ் வகை. அதில் மாட்டப்போவது பற்றரியா பல்பா என்று மென்பொருளுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே பவர் ஃபிளாக் (பவர் கொடி) என்ற குறியீடு இருக்கிறது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை, பவர் அவுட் வகைக் கால் ஒன்று கொண்ட வெற்றுக் குறியீடு அது.

எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது. நம் போர்டில் பற்றரிக்கும் 7805க்கும் நடுவே பியூஸ், டயோட் இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது நெட் மாறுகிறது. கனெக்டர் பக்கம் கொடியை வைத்தால் அது பியூசோடு நின்றுவிடும், 7805இன் காலுக்குப் போய்ச் சேராது. டயோடைத் தாண்டி, 7805இன் உள்கால் இருக்கும் அதே நெட்டில் வைக்க வேண்டும். தரைக்கும் ஒன்று வேண்டும்; 7805இன் தரைக்காலும் பவர் இன் வகைதான். 5 வோல்ட் நெட்டுக்குக் கொடி தேவையில்லை, 7805இன் வெளிக்கால் பவர் அவுட் வகை என்பதால் ஏஎம்எஸ்1117 திருப்தியடைந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரைட் மணி போட்டால் நெட் உடையும், அப்போது மணிக்கு அப்பால் கொடி வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: பவர் அவுட்டும் பவர் அவுட்டும் மோதுகின்றன என்ற பிழை. 7805இன் வெளிக்காலில் தேவையில்லாமல் கொடி வைத்தால் இது வரும், கொடியை எடுத்துவிடுங்கள். ஒரே ஐசிக்கு ஒரே வெளியீட்டைத் தரும் கால்கள் பல இருந்தால், ஒன்றை மட்டும் பவர் அவுட் என்று வைத்து மற்றவற்றைப் பாசிவ் ஆக்கி அதே இடத்தில் மறைத்து அடுக்குவது லைப்ரரி வழக்கம். பாசிவ் என்று மாற்றுவது நியாயமாகிற இடம் இது.

அவுட்புட்டும் அவுட்புட்டும் இணைந்திருக்கின்றன

வேலியின் கரண்ட் கூடினாலும் குறைந்தாலும் ஒரே கோட்டில் தெரியவேண்டும் என்பதற்காக எல்எம்393இன் இரண்டு வெளியீடுகளையும் ஒன்றாகக் கட்டுவோம். அது சரியான சுற்று. அந்த ஐசியின் வெளியீடுகள் ஓபன் கலெக்டர், கீழே இழுக்கத்தான் தெரியும், மேலே இழுக்க வெளியே ஒரு ரெசிஸ்டர் வைக்கிறோம். ஈஆர்சி கத்தினால் குறியீட்டை வரைந்தவர் அந்தக் கால்களை வெறும் அவுட்புட் என்று குறித்திருக்கிறார். ஓபன் கலெக்டர் என்று மாற்றுங்கள். எல்எம்339க்கும் யூஎல்என்2003க்கும் இதே கதை.

ஆனால் மாற்றுவதற்கு முன் டேட்டாசீட்டை, அதாவது பொருளைச் செய்தவர்கள் தரும் விவரத்தாளை, பார்த்தே ஆக வேண்டும். எல்எம்358உம் எல்எம்393உம் கால் வரிசையில் அச்சு அசல் ஒன்று. 358இன் வெளியீடு மேலேயும் இழுக்கும், கீழேயும் இழுக்கும். அதன் இரண்டு வெளியீடுகளைக் கட்டினால் ஈஆர்சி சொல்வது முழு உண்மை, சுற்றைத்தான் மாற்ற வேண்டும்.

இணையத்தில் இறக்கிய குறியீடுகளில் எல்லாக் கால்களும் பாசிவ் என்றோ, வகை குறிக்காதவை என்றோ இருப்பது சர்வசாதாரணம். முதல் வகை எதையும் சொல்லாது, இரண்டாவது வகை தொட்டதற்கெல்லாம் எச்சரிக்கை தரும். இரண்டுமே பயனில்லை. எட்டுக் கால் ஐசி என்றால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வகைகளைக் குறித்துவிடலாம், அதைச் செய்யாமல் அந்தக் குறியீட்டை வரைபடத்துக்குள் எடுக்க வேண்டாம்.

குறியீட்டைத் திருத்தினேன், வரைபடம் அப்படியே இருக்கிறது

6ஆம் பதிப்பு முதல் வரைபடக் கோப்பு தான் பயன்படுத்தும் ஒவ்வொரு குறியீட்டின் பிரதியையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. லைப்ரரியில் நீங்கள் செய்த திருத்தம் அந்தப் பிரதியைத் தொடாது. கருவிகள் பட்டியலில் லைப்ரரியிலிருந்து குறியீடுகளைப் புதுப்பிக்கும் கட்டளை இருக்கிறது, அதைக் கொடுக்க வேண்டும். கால்கள் இடம் மாறியிருந்தால் வயர்கள் பழைய இடத்திலேயே நிற்கும் என்பதால், புதுப்பித்தவுடன் ஈஆர்சியை மறுபடி ஓட்டுங்கள்.

கோப்பே திறக்கவில்லை

செய்தியில் வரி இலக்கமும் அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பதும் இருக்கும். அந்த வரிக்குப் போங்கள், அங்கே பிழை இல்லையென்றால் மேல்நோக்கி வாருங்கள். மூடாமல் விட்ட அடைப்புக்குறியை மென்பொருள் அந்த இடத்தில் உணராது. கொஞ்சத் தூரம் போய், எதிர்பாராத சொல்லில் முட்டிய பிறகுதான் நிற்கும். அடைப்புக்குறி ஜோடியைக் காட்டித்தரும் நோட்பேட்++ போன்ற தொகுப்பியில் திறந்தால், கேர்சரைத் தொடக்கக் குறியில் வைத்துப் பார்த்தே எது அநாதை என்று கண்டுபிடிக்கலாம்.

அடைப்புக்குறி சரி என்றால் மேற்கோள் குறியைப் பாருங்கள். கோப்புக்கு வேண்டியது நேரான குறி. வேர்டில் திறந்து திருத்தினாலோ, போனில் செய்தியாக ஒட்டி ஒருவருக்கொருவர் அனுப்பினாலோ அது வளைந்த குறியாக மாறிவிடக்கூடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மென்பொருளுக்கு அது வேறு எழுத்து. கோப்பாகவே அனுப்புங்கள். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புதிய பதிப்பில் உண்டான கோப்பு என்று சொல்லித் திறக்க மறுத்தால் அது பிழையே இல்லை. கோப்பின் தலையில் பதிப்பு இலக்கம் ஒரு திகதியாக எழுதப்பட்டிருக்கும்: 6க்கு 20211014, 7க்கு 20220914, 8க்கு 20231120. நண்பர் 8இல் செய்த குறியீட்டை உங்கள் பழைய மடிக்கணினியின் 6 திறக்காது. அந்த எண்ணைக் கையால் குறைத்து ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அது போதாது, உள்ளே சொற்களும் மாறியிருக்கின்றன. உதாரணமாக, எழுத்தை மறைக்க 6இலும் 7இலும் 'ஹைட்' என்ற ஒற்றைச் சொல் போதும், 8 அதை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பக்கத்தில் 'யெஸ்' என்றும் எழுதுகிறது. ஒரே வேலையில் சேர்ந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

பெயர் மாற்றியதால் திறக்காமல் போவதும் உண்டு. ஒரு குறியீட்டுக்குள் உட்குறியீடுகள் இருக்கும். அவற்றின் பெயர் தாயின் பெயரோடு தொடங்கி, கீழ்க்கோட்டோடு இரண்டு எண்களில் முடியும். தாயின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பிள்ளைகளை விட்டால் மென்பொருள் ஏற்காது. இன்னொரு குறியீட்டைத் தாயாகச் சொல்லி அதிலிருந்து பிறந்த குறியீடுகளும் லைப்ரரியில் உண்டு, 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற சொல்லால் அவற்றை அறியலாம். பிள்ளையை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு போனால் அதற்கு உடலே இருக்காது, தாயையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஐசியின் பவர் கால்களைக் காணவில்லை, அல்லது ஒரு கால் எல்லாப் பகுதியிலும் தெரிகிறது

எல்எம்393 குறியீடு மூன்று பகுதிகளாக வரும்: ஒப்பிடும் பகுதி இரண்டு, 8ஆம் காலும் 4ஆம் காலும் கொண்ட பவர் பகுதி ஒன்று. முதல் பகுதியை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஐசிக்குக் கரண்டே போகாது. மூன்றாவது பகுதியையும் வைத்து இணைக்க வேண்டும். இரண்டாவது ஒப்பிடும் பகுதி தேவையில்லை என்றாலும் அதை வைத்து, கால்களைத் தரையில் கட்டுங்கள். ஒற்றைப் பவரில் ஓடும் எல்எம்393க்கு டேட்டாசீட் சொல்வதும் அதுதான்.

மேலே சொன்ன உட்குறியீட்டுப் பெயரின் இரண்டு எண்களில் முதலாவது பகுதியின் இலக்கம், இரண்டாவது மாற்று வடிவத்தின் இலக்கம். பகுதி இலக்கம் 0 என்றால் அதில் இருப்பது எல்லாப் பகுதிக்கும் பொது. ஒரு கால் எல்லாப் பகுதியிலும் தலைகாட்டினால், அது 0க்குள் விழுந்திருக்கிறது. காலின் பண்புகளில் எல்லாப் பகுதிக்கும் பொது என்ற தெரிவை எடுத்துவிட்டால் தன் இடத்துக்குப் போய்விடும்.

இரண்டு வேறு வோல்ட் தானாக ஒன்றாகிவிட்டது

இது ஆபத்தான கோளாறு, புகை வரும். இரண்டு வழியில் நடக்கிறது.

ஒன்று, மறைந்த பவர் கால். பவர் இன் வகைக் காலை மறைத்து வைத்தால், அதன் பெயரே வரைபடம் முழுக்கச் செல்லும் நெட்டின் பெயராகிவிடும். வயர் தேவையில்லை. பழைய 74 வரிசை லாஜிக் குறியீடுகள் பல இப்படித்தான் இருந்தன. உங்கள் வரைபடத்தில் 5 வோல்ட் நெட்டின் பெயரும் அந்த மறைந்த காலின் பெயரும் வேறாக இருந்தால் ஐசிக்குக் கரண்ட் இல்லை. ஒரே பெயரில் இருந்து, அந்தப் பெயரை நீங்கள் 12 வோல்டுக்கு வைத்திருந்தால் ஐசி எரியும். மறைந்த கால்களைக் காட்டும்படி அமைத்துப் பாருங்கள், பவர் கால் என்றால் எப்போதும் வெளியே தெரியவிடுங்கள். இடம் அடைக்கும்தான், பரவாயில்லை.

மற்றது, பவர் குறியீட்டைப் பிரதி எடுத்துப் பெயர் மாற்றுவது. பழைய பதிப்புகளில் நெட்டுக்குப் பெயர் தருவது நீங்கள் பார்க்கும் மதிப்பு எழுத்து இல்லை. உள்ளே மறைந்திருக்கும் காலின் பெயர். +5 குறியீட்டை எடுத்து எழுத்தை மட்டும் +12 என்று மாற்றினால், படம் 12 என்று காட்டும், நெட் 5 ஆகவே இருக்கும். அப்புறம் பற்றரியும் 5 வோல்டும் ஒரே செம்பில் சேரும். காலின் பெயரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பெயருக்கு மேல் கோடு வரவில்லை

கீழ்நிலையில் இயங்கும் காலின் பெயருக்கு மேல் கோடு போட, 6 முதல் ~ குறியும் அதையடுத்துச் சுருள் அடைப்புக்குறிக்குள் பெயரும் எழுத வேண்டும். அதற்கு முன் இரண்டு ~ குறிகளுக்கு நடுவே எழுதினார்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ~ மட்டும் இருந்தால் பெயர் இல்லை என்று பொருள், அதை அழிக்க வேண்டாம்.

பழைய லைப்ரரிக் கோப்பிலிருந்து வந்த கால்கள் தாறுமாறாக இருக்கின்றன

5ஆம் பதிப்பு வரை கோப்பின் அமைப்பு வேறு. எக்ஸ் என்ற எழுத்தோடு தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு கால். பெயர், இலக்கம், இடம், நீளம், திசை, எழுத்தளவுகள், பகுதி, வடிவம், மின்வகை என்று இடைவெளி விட்டு வரிசையாக வரும். அளவு மில்லில். இடைவெளிதான் பிரிப்பான் என்பதால் பெயருக்குள் ஒரு இடைவெளி வந்தாலே பின்னால் உள்ள எல்லாம் ஒரு படி தள்ளிவிடும்: இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் பெயரின் பாதி, இடம் இருக்கவேண்டிய இடத்தில் இலக்கம். இடைவெளிக்குப் பதில் கீழ்க்கோடு போடுங்கள்.

அந்த வரியின் கடைசிப் பக்கம் வரும் மின்வகை ஒற்றை எழுத்து. அதில் பெரிய டபிள்யூ என்றால் பவர் இன், சின்ன டபிள்யூ என்றால் பவர் அவுட். யாராவது கோப்பு முழுவதையும் பெரிய எழுத்தாக்கி அழகுபடுத்தியிருந்தால் ரெகுலேட்டர் எல்லாம் கரண்ட் கேட்கும் பொருளாகிவிடும், கொடுக்க ஆளே இருக்காது. பவர் பிழைகள் கூட்டமாக வந்தால் இதைப் பாருங்கள். சரிபார்த்த பிறகு, லைப்ரரி மேலாண்மையில் இருக்கும் மாற்றும் கட்டளையால் புதிய அமைப்புக்கு மாற்றிவிட்டு, பழையதைப் பிரதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டுக்கு மாற்றும்போது கால் கிடைக்கவில்லை என்கிறது

குறியீட்டின் கால் இலக்கமும், ஃபுட்பிரிண்டின் (போர்டில் பொருள் உட்காரும் இட வடிவத்தின்) பேட் இலக்கமும், அதாவது ஈயம் வைக்கும் செம்புப் பொட்டின் இலக்கமும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இலக்கம் என்று சொன்னாலும் கோப்பில் அது மேற்கோள் குறிக்குள் இருக்கும் வெறும் எழுத்துச் சரம்தான். 1 வேறு, 01 வேறு. டயோடின் கால்களுக்கு எழுத்துகளை வைத்திருக்கிறீர்கள், பேட்டுகள் 1, 2 என்றால் சேராது. தொகுப்பியில் இருக்கும் குறியீட்டுச் சோதனையை ஓட்டினால் இரட்டித்த இலக்கமும் கிரிட்டில் இல்லாத காலும் தெரியும்.

இந்தப் பிழை வந்தால் சந்தோஷப்படுங்கள். அடுத்தது எந்தச் சத்தமும் போடாதது.

எந்தப் பிழையும் இல்லை, போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை

குறியீட்டில் 1, 2, 3 இருக்கிறது, ஃபுட்பிரிண்டில் 1, 2, 3 இருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் குறியீட்டின் 1 கலெக்டர், உண்மையான பொருளின் 1 எமிட்டர். ஈஆர்சிக்கு இது தெரிய வழியே இல்லை. டேட்டாசீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாக விரல் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

எழுத்து அச்சிட்ட தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலமாக பிசி547இன் வரிசை கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 நேர் எதிர்: எமிட்டர், பேஸ், கலெக்டர். ரேடியோ திருத்தும் கடைகளில் கேட்டால் பல சமயம் கையில் தரும் சி1815இன் வரிசை எமிட்டர், கலெக்டர், பேஸ். மூன்றும் ஒரே உடல், மூன்றும் ஒரே ஃபுட்பிரிண்ட். கீகாட்டின் பொதுவான என்பிஎன் குறியீடுகளின் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள் இதற்காகத்தான்: 1, 2, 3 கால்கள் முறையே எவை என்று அவை சொல்கின்றன. வரையும்போது கடையில் கிடைக்கும் பொருள் எது என்று முதலில் கேட்டுவிட்டு, அதன்படி குறியீட்டைத் தெரிவுசெய்யுங்கள். டேட்டாசீட் படத்தைப் பார்க்கும்போது அது மேலிருந்து பார்த்ததா, அடியிலிருந்து பார்த்ததா என்பதையும் கவனியுங்கள்.

ரெகுலேட்டரிலும் இதே பொறி. 7805 என்றால் 1 உள்ளே, 2 தரை, 3 வெளியே. ஏஎம்எஸ்1117 என்றால் 1 தரை, 2 வெளியே, 3 உள்ளே. எல்எம்317 என்றால் 1 சரிசெய்யும் கால், 2 வெளியே, 3 உள்ளே. 7905 என்றால் 1 தரை, 2 உள்ளே, 3 வெளியே. 7805 குறியீட்டைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஏஎம்எஸ்1117 ஆக்கினால், உள்ளே வரும் வோல்ட் தரைக்காலில் போய் நிற்கும். அதன் உலோகத் தட்டு 2ஆம் காலோடு சேர்ந்தது, அதாவது வெளியீடு. தரை என்று நினைத்து அதைப் பெரிய செம்புப் பரப்பில் கட்டியிருந்தால் வெளியீடு தரையோடு ஒட்டிவிடும்.

டயோடுக்குக் கீகாட் லைப்ரரியின் வழக்கம் 1 கேதோட், 2 ஆனோட். எல்ஈடிக்கும் அதுவே. வெளியிலிருந்து இறக்கிய குறியீடு இதற்கு மாறாக இருக்கலாம். பற்றரிப் பக்கத்து டயோட் திரும்பினால் போர்ட் உயிரே காட்டாது, ரிலே சுருளின் குறுக்கே உள்ள டயோட் திரும்பினால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

போர்ட் ஏற்கனவே கைக்கு வந்துவிட்டதா? பிசி547க்கு வரைந்த இடத்தில் 2என்3904 என்றால் தட்டைப் பக்கத்தை மறுபக்கம் திருப்பி மாட்டினால் போதும். சி1815 என்றால் திருப்பியபின், 1ஆம் 2ஆம் துளைகளுக்குப் போகும் இரண்டு கால்களை ஒன்றுக்கொன்று குறுக்கே வளைத்து, நடுவே வயர் உறை போட்டு ஈயம் வைக்கலாம். மல்டிமீற்றரின் டயோட் நிலையில் பேஸிலிருந்து மற்ற இரண்டு காலுக்கும் ஏறக்குறைய 0.6 முதல் 0.7 வோல்ட் காட்டும். பேஸ் எது என்று அதை வைத்து உறுதிசெய்த பிறகே கரண்ட் கொடுங்கள். ஏஎம்எஸ்1117க்கு இப்படித் திருப்பும் வழி இல்லை. அதைப் போர்டிலிருந்து கழற்றி, மூன்று மெல்லிய வயரில் தூக்கிக் கட்ட வேண்டியதுதான்.

அதோடு நிறுத்தாமல் அன்றைக்கே குறியீட்டைத் திறந்து இலக்கங்களை மாற்றி, பெயரில் கால் வரிசையையும் சேர்த்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். பழையதை லைப்ரரியிலிருந்து அழித்துவிடுங்கள். வரைபடத்திலும் அந்த இடத்தில் புதுக் குறியீட்டை மாற்றிவைத்து, போர்டுக் கோப்பையும் அதிலிருந்து புதுப்பித்த பிறகே அடுத்த ஆர்டருக்கான கோப்புகளை எடுக்க வேண்டும்.